சத்தத்தைக் குறைத்துக் கேட்கிறவள்

அவள் வீட்டு ஸ்பீக்கரில் சத்தம் கூட்டும் திருகு பெயருக்குத்தான் இருந்தது. அதை அவள் வலப்பக்கம் திருப்பி நான் பார்த்ததில்லை. நாங்கள் போய் உட்கார்ந்ததும் முதல் வேலையாக மின்விசிறியை ஐந்தில் வைப்பாள். லிங்கராஜபுரத்தில் இரண்டாவது மாடி, ஒற்றை அறை, பழைய விசிறி. அது சுற்ற ஆரம்பித்தால் கழன்று தலையில் விழப்போகிறது என்று புதிதாக வந்தவர்கள் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொள்வார்கள். அந்தக் கடகடப்புக்கு நடுவில்தான் பாட்டைப் போடுவாள், அதுவும் பக்கத்து அறையில் யாரோ ரகசியம் பேசுகிற அளவுக்கு.

"என்ன கேக்குது மச்சா?"

"ஃபேன் கேக்குது."

"அப்ப பீட் இன்னும் ஆகல."

பெங்களூரில் மச்சா என்பதற்கு ஆண் பெண் பேதம் கிடையாது. நானும் அவளை அப்படித்தான் கூப்பிட்டேன். பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எங்களுக்கு இசை போட்டுக் கொடுத்த பாட்டிலேயே தன் பெயரைப் போடவிடாதவள், இதில் போட்டால் சும்மா விடுவாளா?

அது கொரோனாவுக்கு முன்னால். தொம்மலூரில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் பழுதுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். மீதி நேரத்தில் ராப் பாடகன். நான் தமிழில் பாடுவேன், என் கூட்டாளி ராகேஷ் கன்னடத்தில் பாடுவான். ராகேஷுக்குக் குரல் வாய்த்திருந்தது. எனக்கு வாய்த்ததைப் பற்றிச் சொல்வதென்றால், காலேஜில் என்னைக் கொசு என்று கூப்பிட்டார்கள். மைக் முன்னால் நின்றால் ஒரு கொசு கோபமாக இருப்பது போலத்தான் இருக்கும். ஆனாலும் ஆசை யாரை விட்டது? குரலில் இல்லாத கனத்தை மேளத்தில் காட்டிவிடலாம் என்று நம்பினேன். அதனால் எனக்குப் பெரிய கிக் வேண்டியிருந்தது.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். டிரம் செட்டில் தரையோடு உட்கார்ந்திருக்குமே, காலால் மிதித்து அடிக்கிற பெரிய மேளம், அதன் சத்தம்தான் கிக். ஹிப் ஹாப்புக்கு அதுதான் முதுகெலும்பு. கார் கண்ணாடி அதிர்வதும், நெஞ்சில் யாரோ தட்டுவதுபோல இருப்பதும் அதனால்தான். இப்போது அதற்கு மேளமும் வேண்டாம் காலும் வேண்டாம். இணையத்தில் ஆயிரக்கணக்கில் கிடைக்கின்றன, பிடித்ததை எடுத்துப் பாட்டில் வைத்துக்கொள்ளலாம். நாங்கள் மூட்டை மூட்டையாக இறக்கி வைத்திருந்தோம்.

முதல்முறை அவள் வீட்டுக்குப் போனபோது நாங்களே செய்த ஒரு பீட்டை, அதாவது பாட்டுக்கு அடியில் ஓடும் தாளத்தை, எடுத்துப் போயிருந்தோம். ஒரு கிக் போதாது என்று மூன்று கிக்கை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தோம். ஒன்று கனத்துக்கு, ஒன்று கூர்மைக்கு, ஒன்று பந்தாவுக்கு. ஹெட்போனில் கேட்டால் தலைக்குள் பஸ் மோதுவதுபோல இருக்கும். அவள் விசிறியைப் போட்டாள், பாட்டைப் போட்டாள். கிக்கையே காணோம். சத்தியமாகக் காணோம். எங்கோ யாரோ தலையணையைத் தட்டுகிற மாதிரி ஏதோ வந்தது.

"ஏனு மச்சா இது, ஸ்பீக்கர் சரியில்லயா?" என்றான் ராகேஷ்.

அவள் மூன்றில் இரண்டை நிறுத்தினாள். திருகைத் தொடவில்லை. மிச்சமிருந்த ஒரே ஒரு கிக், விசிறிச் சத்தத்தைப் பிளந்துகொண்டு 'தொம்' என்று வந்து எதிரே நின்றது. இரண்டு பங்கை எடுத்துவிட்டு மிச்சத்தைப் பெரிதாக்குகிற கணக்கு எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தந்தார்கள்?

"மூணு பேரு சேந்து பீரோ தூக்குறீங்க," என்றாள். "ஒருத்தன் தூக்குற நேரத்துல இன்னொருத்தன் எறக்குறான். பீரோ அங்கயேதான் இருக்கும். மூணு பேருக்கும் இடுப்பு வலிதான் மிச்சம்."

ஒரு கிக் ஸ்பீக்கரின் தோலை வெளியே தள்ளுகிற நேரத்தில் இன்னொன்று உள்ளே இழுத்தால், ஒன்றை ஒன்று தின்றுவிடும் என்பது பிறகுதான் புரிந்தது. பெரிதாக வேண்டும் என்ற பேராசைக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய பிழை அது. ஊரில் பாதிப் பேர் செய்தார்கள்.

நிறைகுடம் தளும்பாது என்றெல்லாம் அவளைப் பற்றிச் சொல்லமாட்டேன். வாய்க்கொழுப்பு நிறையவே உண்டு. ஆனால் அதையும் மெதுவாகத்தான் சொல்வாள். கிக் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தால் ஒவ்வொன்றையும் ஒருமுறைதான் தட்டிக் கேட்பாள், உடனே தீர்ப்பு வரும். "இது ஈரத் துணி." "இது ஆட்டோ டிக்கி." "இது எங்க மேனேஜர், உள்ள ஒண்ணுமில்ல." "இது நல்ல கிக், ஆனா நல்லாருக்கோம்னு அதுக்கே தெரியுது, வேணாம்." ராகேஷ் தரையில் உருண்டு சிரிப்பான். அவள் முகத்தில் சிரிப்பே இருக்காது. அடுத்ததைத் தட்டுவாள்.

கிக்குக்கு மூக்கும் உண்டு வயிறும் உண்டு என்பது அவளுடைய சித்தாந்தம். அடி விழும் அந்த முதல் நொடியில் 'டக்' என்று வருவது மூக்கு. அது இல்லாவிட்டால் போனில் கேட்காது. பின்னால் 'உம்ம்' என்று இழுப்பது வயிறு. "வயிறு பெருசா இருந்தா அடுத்து வர்ற சொல்லுமேல ஒக்காந்துரும். அப்புறம் நீ என்ன எழுதி என்ன?" என்பாள்.

அவளுடைய பகல் வேலை லிஃப்ட் கம்பெனி ஒன்றில். லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டவர்கள் உள்ளேயிருக்கும் மணியை அழுத்தினால் அழைப்பு அவளுக்குப் போகும். சில ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பெனி போன் அவளோடு வீட்டுக்கே வந்துவிடும். சர்ச்சில் காலை ஆராதனை முடிந்து, சாப்பாடும் முடிந்து நாங்கள் உட்கார்ந்திருந்த ஒரு மதியம், அது அடித்தது. ஒரு பெண் அலறினாள். போனை மேஜைமேல் வைத்திருந்ததால் எங்களுக்கே காது கூசியது. கன்னடமும் ஆங்கிலமும் அழுகையும் கலந்து, லிஃப்ட் விழப்போகிறது, மூச்சு முட்டுகிறது என்று ஒரே கூச்சல். நானாக இருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவள் விசிறியை நிறுத்திவிட்டு, வழக்கத்தைவிடவும் மெதுவாக, ஏறக்குறைய முணுமுணுப்பாக, "மேடம், நான் இங்கதான் இருக்கேன்" என்று கன்னடத்தில் சொன்னாள். மறுபடி அதையே சொன்னாள். அந்தப் பக்கம் கூச்சல் சட்டென்று இறங்கியது. "ஹலோ? ஏனு ஹேளித்ரி? கேளிஸ்தில்லா" என்றாள் அந்தப் பெண். என்ன சொன்னீர்கள், கேட்கவில்லையே என்று. கேட்பதற்காகவே அவள் தன் அழுகையை நிறுத்தியிருந்தாள்.

ஆள் வந்து கதவைத் திறக்கும்வரை இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அந்தப் பெண் தன் பையனுக்குப் பல் வரிசையாக வரவில்லை என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தாள். போனை வைத்துவிட்டு இவள் மறுபடி விசிறியைப் போட்டு, விட்ட இடத்திலிருந்து கிக்கைத் தட்டினாள். நானும் ராகேஷும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சர்ச்சுக்குப் போய்வந்தவள் அவள், பக்தி வந்தது எனக்கு.

என் அப்பாவைப் பற்றிய பாட்டை அவளிடம் கொண்டுபோனது அதற்குப் பிறகுதான்.

அப்பா பீன்யா பக்கம் ஒரு பட்டறையில் பிரஸ் மெஷின் ஓட்டினார். தகட்டை வைத்து மிதித்தால் மேலேயிருந்து இரும்பு இறங்கி அச்சுக் குத்தும். நான் பிறப்பதற்கு முன்பு அந்த மெஷின் அவருடைய வலது கையில் இரண்டு விரலை எடுத்துக்கொண்டது. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. அம்மாவுக்கும் முழுசாகத் தெரியாது. மெஷின் சத்தத்தில் காதும் மந்தமாகிவிட்டது. என் பாட்டை ஒருமுறை போட்டுக்காட்டினேன். கொஞ்சம் கேட்டார். "கம்பெனியில நாள் பூரா இதாண்டா கேக்குறேன், டம்மு டம்முன்னு. நீ இன்னாதான் சொல்றேன்னே வெளங்கல" என்று எழுந்து போய்விட்டார்.

அவருக்கு விளங்க வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. அதற்காகத்தான் அந்தப் பாட்டை எழுதினேன். 'மிஷினு தின்ன வெரலு ரெண்டு, மிச்சம் எட்டுல வளந்தவன் நானு' என்று ஆரம்பிக்கும். தொம்மலூர் பக்கம் ஒரு மைதானத்தில் நடக்கவிருந்த ஹிப் ஹாப் நிகழ்ச்சியில் எங்களுக்கு இடம் கிடைத்திருந்தது. அப்பாவைக் கெஞ்சிக் கூத்தாடி வரச் சம்மதிக்க வைத்திருந்தேன். இதிலும் விளங்கவில்லை என்றால் இனி அவர் என் பக்கமே திரும்பமாட்டார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

அந்தப் பாட்டுக்கு என் மனதில் ஒரு கிக் இருந்தது. பட்டறை வாசலில் நின்று, அப்பாவின் மெஷின் குத்துகிற சத்தத்தைப் போனில் பதிவுசெய்து வந்திருந்தேன். 'தடும்' என்று இரும்பு இறங்கும். அதுதான் கிக். என் மூளையை நானே மெச்சிக்கொண்டு அவளிடம் கொடுத்தேன்.

கேட்டாள். இரண்டாவது முறையும் கேட்டாள். அவள் எதையும் இரண்டாவது முறை கேட்டு நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

"சூப்பர் கிக்," என்றாள். "இந்தப் பாட்டுக்கு வேணாம்."

"ஏன்?"

"அப்பா இத தெனமும் கேக்குறாரு மச்சா. நீ சொல்றதத்தான் ஒருநாளும் கேட்டதில்ல."

எனக்குக் கோபம் வந்தது. அது அவர் வாழ்க்கையின் சத்தம், அது இல்லாமல் பாட்டு எப்படி உண்மையாகும் என்றெல்லாம் பொரிந்து தள்ளினேன். நான் மூச்சு வாங்கியபோது, "கத்திட்டியா? இப்ப அந்த வரியெல்லாம் எனக்குச் சொல்லு. பாடாத. பஸ்ல டிக்கெட் கேக்குற மாதிரி சொல்லு" என்றாள். முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். சொன்னேன். என் கொசுக்குரலில், தாளமில்லாமல், டிக்கெட் கேட்கிற மாதிரி.

பிறகு ஒரு கிக்கை எடுத்தாள். சின்ன கிக். வாயை மூடிக்கொண்டு 'தொப்' என்று சொன்னால் எப்படியிருக்கும், அப்படி. ராகேஷ் "பிடு, விடு மச்சா, இதெல்லாம் ஒரு கிக்கா" என்று எழுந்தே விட்டான். நானும் எழுந்திருப்பேன். ஆனால் அவள் அதற்கு இடம் செய்ய ஆரம்பித்திருந்தாள். கிக் விழுகிற கணத்தில் பேஸ் கிட்டார் கொஞ்சம் அமுங்கி வழிவிட்டது. "லிங்கராஜபுரம் ரோட்டுல பஸ் வந்தா டூவீலரெல்லாம் ஓரமா ஒதுங்குதுல்ல? போனதும் மறுபடி வந்துருது. அதான்." கிக்குக்குள்ளிருந்தே, என் குரல் குடியிருக்கிற பகுதியைத் தேடிப்பிடித்து வழித்தெடுத்தாள். பியானோவில் பாதியைத் தூக்கிப்போட்டாள். எதையும் கூட்டினாள் என்று இல்லை. அன்று மாலைவரை எடுத்துக்கொண்டே இருந்தாள்.

சூரியன் சாய்கிற நேரத்தில் போட்டுக் காட்டினாள். விசிறி ஐந்தில். ஸ்பீக்கர் ரகசியம் பேசுகிற அளவில். அந்த 'தொப்' விழுந்தது. ஒவ்வொரு அடியும் நெஞ்சில் விரல் வைத்துத் தட்டியது, தட்டிவிட்டு உடனே நகர்ந்து நின்றது. நகர்ந்த இடத்தில் என் சொல் வந்து நின்றது. ஒவ்வொரு சொல்லும். என் குரல் பெரிதாகியிருக்கவில்லை, அதே கொசுதான். ஆனால் ஊரே வாயை மூடிக்கொண்டு அந்தக் கொசு சொல்வதைக் கேட்கிற மாதிரி இருந்தது. ராகேஷ் ஸ்பீக்கர் பக்கத்தில் வந்து நின்றான். நான் அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தக் கைக்கு எப்படித் தெரிகிறது என்று வியந்தது நினைவிருக்கிறது. இன்றைக்கும் விளங்கவில்லை. இப்போது அவள் வடக்கே ஏதோ ஊரில் இருக்கிறாள், கம்பெனி மாற்றலில் போனாள். எப்போதாவது பேசிக்கொள்வோம். கேட்டால் "அதுல என்ன இருக்கு மச்சா" என்பாள்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. மூன்றாவது சரணம், விபத்து நடந்த நாளைப் பற்றியது. அங்கே கிக்கே வேண்டாம், மொத்தமாக நிறுத்திவிடலாம் என்றாள். முடியவே முடியாது என்றேன். கிக் இல்லாமல் அத்தனை பேர் முன்னால் என் குரல் அம்மணமாக நிற்கும், சிரிப்பார்கள். "சரி, உன் பாட்டு" என்று விட்டுவிட்டாள்.

நிகழ்ச்சி நாள். மைதானத்தில் மேடையின் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குப் பேஸ் ஸ்பீக்கர்களை அடுக்கியிருந்தார்கள். எங்களுக்கு முன்னால் பாடியவர்களின் கிக்கில் பிளாஸ்டிக் நாற்காலிகள் நடுங்கின. ஜனங்கள் குதித்தார்கள். பாடியவன் எந்த மொழியில் பாடினான் என்றுகூடத் தெரியவில்லை. அப்பா நேரமே வந்துவிட்டார். மரியாதையாக முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள், சரியாக அந்த ஸ்பீக்கர் அடுக்குக்கு நேரே. இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேடையின் பின்னாலிருந்து அதைப் பார்த்தேன். எழுந்து போய்விடுவார். போயே விடுவார்.

எங்களோடு நின்றிருந்த அவள் இறங்கிப் போனாள். அப்பாவிடம் குனிந்து ஏதோ சொல்லி, அவரை எழுப்பி, நாற்காலியையும் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குப் பின்னால் நடந்தாள். மைதானத்தின் நடுவில் சத்தத்தைச் சரிசெய்கிற மேஜை இருந்தது. அதன் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார வைத்தாள். மேஜையில் இருந்தவரிடம் பேசினாள். அவர் கையை விரித்தார், தலையை ஆட்டினார். ஹிப் ஹாப் என்றால் அடிச்சத்தத்தை ஏற்றித்தான் வைப்பேன் என்று வாதாடியிருக்க வேண்டும். பிறகு அவர் ஏதோ ஒன்றை இறக்குவதைப் பார்த்தேன். எங்கள் பாட்டின் இசை ஓடப்போகிற தன் லேப்டாப்பை அவள் அந்த மேஜையிலேயே வைத்துக்கொண்டாள்.

பாட ஆரம்பித்தோம். எங்கள் சின்ன கிக் அந்த மைதானம் முழுக்கப் போய்த் தட்டியது. முன்வரிசையில் குதித்துக்கொண்டிருந்தவர்கள் குதிப்பதை விட்டுவிட்டுத் தலையாட்ட ஆரம்பித்தார்கள். ராகேஷ் தன் பகுதியைக் கன்னடத்தில் கொளுத்திப் போட்டான், கூட்டம் கத்தியது. மூன்றாவது சரணம் வந்தது. நான் வாயைத் திறந்தேன்.

கிக் இல்லை.

மேஜையைப் பார்த்தேன். அவள் லேப்டாப்பைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையை உயர்த்தவில்லை, சைகை எதுவும் காட்டவில்லை. சும்மா பார்த்தாள். உன்னால் முடியும் என்று யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. வேறு வழியில்லாமல் சொன்னேன். தாளத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு, டிக்கெட் கேட்கிற குரலில். 'அன்னிக்கு நீ கத்துன கத்து, ஆஸ்பத்திரி வரைக்கும் கேட்டிருக்கும், எனக்கு மட்டும் இன்னிக்குத்தான் கேக்குது.' மைதானத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. ரோட்டில் போகிற பஸ்ஸின் ஹாரன் கேட்டது. சரணம் முடிந்து கிக் மறுபடி விழுந்தபோது, அந்தச் சின்ன கிக்கை, அந்தத் 'தொப்'பை, மலை விழுந்த மாதிரி வாங்கிக்கொண்டு கூட்டம் முழுக்க 'ஓ' என்று எழுந்தது.

இறங்கி ஓடினேன். அப்பா நாற்காலியில் இல்லை, நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"நான் கத்தலடா."

"என்னப்பா?"

"அன்னிக்கு நான் கத்தல. பக்கத்து மெஷின்ல இருந்தவன்தான் கத்துனான். நீ தப்பா எழுதிக்கீற."

ஒரு சொல் விடாமல் கேட்டிருக்கிறார். தப்புக் கண்டுபிடிக்கிற அளவுக்குக் கேட்டிருக்கிறார்.

"நடுவுல அந்த டம்மு டம்ம நிறுத்துனியே, இன்னாத்துக்கு?"

"நான் நிறுத்தலப்பா. இவதான்."

அப்பா அவள் பக்கம் திரும்பினார்.

"அன்னிக்கும் இப்பிடித்தாம்மா. மொத்த மெஷினையும் நிறுத்திட்டாங்க. அந்த ஷெட்டு அமைதியா இருந்து நான் பாத்தது அன்னிக்கு ஒருநாளுதான். கீழ குனிஞ்சு வெரலத் தேடிக்கினு இருந்தாங்க. நான் சும்மா நின்னுக்கினு இருந்தேன்." வலது கையை முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். "இவன் வயித்துல இருந்தான் அப்ப. இந்தக் கையில புள்ளயத் தூக்க முடியுமா, நழுவிடுமான்னு அதத்தான் யோசிச்சிக்கினு நின்னேன்."

மேடையில் அடுத்த குழு ஏறிவிட்டது. அவர்களுடைய கிக் விழ ஆரம்பித்தது, தரை அதிர்ந்தது. அப்பாவின் வாய் அசைவது தெரிந்தது, சொல் கேட்கவில்லை. அவள் லேப்டாப்பை மூடி என் கையில் திணித்தாள். அப்பாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, சத்தம் குறைவாக இருந்த கேட் பக்கமாக நடந்தாள். நான் பின்னாலேயே போனேன். அப்பா பேசிக்கொண்டே நடந்தார்.